நண்பரின் ஸ்விங்கைக் கடன் வாங்கியவர்: டிரைவர் வேகம் குறைந்த ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கோல்ஃப் ஆடும் இரண்டு நண்பர்கள். மூத்தவருக்கு வயது 54. நெட்டையானவர், கை நீளம், இளவயதில் கைப்பந்து ஆடியவர். இளையவருக்கு 38. குட்டையான, அகன்ற உடல்வாகு. இடுப்பும் மேல்முதுகும் நன்றாகத் திரும்பும். இருவரும் வலக்கை ஆட்டக்காரர்கள். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹாண்டிகேப் இருவருக்கும் 12-ஐ ஒட்டி இருந்தது. டிரைவர் எனப்படும், நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பில் (மட்டையில்) அதன் தலையான கிளப்ஹெட்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்: மணிக்கு 95 மைல்.

அந்த 95 மைலை இருவரும் எட்டிய வழிகள்தான், அதாவது கிளப்பை வீசும் ஸ்விங்தான், வேறு. மூத்தவர் பேக்ஸ்விங் எடுக்கும்போது, அதாவது கிளப்பைப் பின்னால் உயர்த்தும்போது, இடது குதிகால் தரையை விட்டு எழும், இடுப்பு தாராளமாகத் திரும்பும், கைகள் தலைக்கு மேலே போய்விடும். பந்தை அடிக்கும் தறுவாயில் இடது கால் விறைத்து நிமிரும். இளையவரின் பாதங்கள் தரையை விட்டு அசையாது. கைகள் தோள் உயரத்தைத் தாண்டுமுன்பே பேக்ஸ்விங் முடிந்துவிடும். பிறகு இடுப்பு சட்டென்று சுழலும். மார்பும் கைகளும் அதைத் தொடரும்.

சீராக வெட்டிய புல்பாதையான ஃபேர்வேயில் அதிகம் விழுந்தது இளையவரின் பந்துதான். மூத்தவருக்கு அதில் ஆற்றாமை உண்டு. கேட்டபோது இளையவர் உள்ளன்போடு சொன்ன யோசனை இது: "அண்ணே, காலைத் தூக்குறதாலதான் பந்து சிதறுது. இடுப்பை அசைய விடாதீங்க, மேலுடம்பை மட்டும் முறுக்குங்க. ஜான் ராமைப் பாருங்க, எவ்வளவு சின்ன பேக்ஸ்விங்!"

அவர் சொன்ன ராம், பெயர்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர். இதைத் தவறான யோசனை என்று ஒதுக்கிவிட முடியாது. தோள் திரும்பும் அளவுக்கும் இடுப்பு திரும்பும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது 1990-களிலிருந்து பரவலாகக் கற்றுத்தரப்படும் முறை. இளையவர் உடலில் அது அருமையாக வேலை செய்தது. மூத்தவர் ஒரு சீசன் முழுக்க அதையே பழகினார்.

பயிற்சியாளரான என்னிடம் வந்தபோது இருந்த நிலை

வேகம் 87 மைலாக இறங்கியிருந்தது. பந்து வலப்பக்கம் வளைந்து ஓடியது. ஒன்பது துளைகள், அதாவது பாதி ஆட்டம், முடிவதற்குள் கீழ்முதுகின் வலப்பக்கம் வலிக்கத் தொடங்கிவிடும் என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம் முறுக்குறதுக்கு ஒரு பயிற்சி சொல்லுங்க." வேகம் குறைந்ததற்கு வயதுதான் காரணம் என்று அவராகவே தீர்மானித்திருந்தார்.

வலி இருக்கும்போது ஸ்விங்கைத் தொடக் கூடாது என்பது என் கொள்கை. முதலில் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் அனுப்பினேன். நரம்புக் கோளாறு எதுவும் இல்லை, தசையும் மூட்டும் சார்ந்த வலி என்று சொன்னார்கள். பிசியோதெரபிஸ்ட் அனுப்பிய குறிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது. இடுப்பு மூட்டின் உட்சுழற்சி பொதுவாக 35 முதல் 45 டிகிரி வரை இருக்கும். இவருக்கு இடப்பக்கம் 20 டிகிரிதான், வலப்பக்கம் அதைவிடச் சற்றே மேல். எல்லையில் கையை வைத்து அழுத்திப் பார்த்தபோது தசை இழுப்பது போலத் தெரியவில்லை, எலும்பு முட்டி நிற்பது போல இருந்தது என்றும் எழுதியிருந்தார். இந்த ஒரு வரிதான் பின்னால் எடுத்த பல முடிவுகளுக்கு அடிப்படையானது.

அளவீட்டில் தெரிந்தவை

கிளப்பையும் பந்தையும் அளக்கும் கருவியான லான்ச் மானிட்டரில் கிளப்ஹெட் வேகம் 87, பந்தின் வேகம் 120. பந்து வேகத்தைக் கிளப்ஹெட் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். டிரைவரில் அது 1.50-ஐ ஒட்டி இருந்தால் அடி மிகச் சுத்தம், இவருக்கு 1.38. ஆக, வேகம் குறைந்தது மட்டும் சிக்கல் இல்லை. இருக்கிற வேகமும் பந்துக்குப் போய்ச் சேரவில்லை.

டிரைவரின் முகத்தில் பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை லேசாக அடித்துவிட்டு ஆடச் சொன்னேன். வெள்ளைப் பரப்பில் பந்து பட்ட தடங்கள் கருவட்டங்களாகத் தெரிந்தன. எல்லாமே நடுவை விட்டு விலகி, கிளப்பின் தண்டு (ஷாஃப்ட்) பொருந்தும் ஹீல் பக்கத்தில், கீழ் விளிம்பை ஒட்டிக் குவிந்திருந்தன. ஹீலில் பட்ட பந்துக்கு, அதை வலப்பக்கம் வளைக்கும் ஸ்லைஸ் சுழற்சி கூடும், முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் பின்சுழற்சி கூடும். பந்து வலப்பக்கம் வளைந்ததற்கும், மேலே எழும்பிச் செத்து விழுந்ததற்கும் காரணம் அந்தத் தடங்களிலேயே இருந்தது.

அடுத்து ஃபோர்ஸ் பிளேட் எனப்படும் விசை அளக்கும் தட்டுகளின் மேல் நிறுத்தினேன். நன்றாக ஆடுபவர்கள் முன்காலால் தரையை மிக அழுத்தமாக மிதிப்பது பந்தை அடிக்கும் கணத்தில் அல்ல. கிளப் கீழிறங்கும் டவுன்ஸ்விங்கில் இடது கை தரைக்கு இணையாக வரும் நேரத்தை ஒட்டியே அந்த உச்சம் வந்து போய்விடும். இவருடைய உச்சம் பந்தை அடிக்கும்போதுதான் வந்தது. வந்ததும் உடல் எடையைப் பெரிதாகத் தாண்டவில்லை. கால் தள்ளியது உண்மை. ஆனால் அந்தத் தள்ளல் வேகமாக மாறுவதற்குக் காலம் இல்லை. அது உடலை நிமிர்த்தி, இடுப்பைப் பந்தின் பக்கம் முன்தள்ளியது. இடுப்பு முன்னால் வந்தால் கைகளுக்கு இடம் இல்லை, கிளப்பும் வெளியே போகும். ஹீலில் பட்ட தடங்களுக்கு மூலம் இதுதான்.

கடைசியாக, கிளப்பைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்கச் சொன்னேன். 54 வயதுக்கு அசத்தலான குதிப்பு. உட்கார்ந்த நிலையில் மார்பைத் திருப்பச் சொன்னபோது பாதி தூரத்திலேயே நின்றுவிட்டார். இதே சோதனைகளில் இளையவர் நேர் எதிர்: மார்பு சரளமாகத் திரும்பியது, குதிப்பு சுமார்.

வேகம் எங்கிருந்து வருகிறது

மூத்தவரிடம் இதை விளக்கத்தான் அதிக நேரம் ஆனது. அந்த நேரம் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆட்டக்காரர் தரையை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார். முதலாவது பக்கவாட்டுத் தள்ளல்: பேக்ஸ்விங் முடிவதற்கு முன்பே உடல் இலக்கின் பக்கம் நகரத் தொடங்குவது. இரண்டாவது சுழற்சி: முன்பாதம் தரையைப் பந்தின் பக்கமாகத் தள்ளும், பின்பாதம் எதிர்ப்பக்கமாகத் தள்ளும், இந்த இரட்டைத் தள்ளலின் எதிர்வினையால் இடுப்பு சுழலும். மூன்றாவது செங்குத்துத் தள்ளல்: முன்கால் தரையை மிதித்து நிமிர்வது. மூன்றும் இந்த வரிசையில்தான் உச்சத்தை அடையும். எல்லாருடைய ஸ்விங்கிலும் மூன்றுமே உண்டு. யாருக்கு எது பெரும்பங்கு என்பதில்தான் வேறுபாடு. இவற்றோடு கையும் மணிக்கட்டும் சேர்கின்றன. மடங்கிய மணிக்கட்டு எவ்வளவு தாமதமாக விரிகிறதோ, அவ்வளவுக்குக் கிளப் கடைசி நேரத்தில் பாயும்.

இளையவர் சுழற்சிக்காரர். மூத்தவர் பழைய ஸ்விங்கில் செங்குத்துத் தள்ளலை நம்பியவர். மேலே தள்ளும் விசை எப்படிக் கிளப்பை முன்னால் வீசும் என்பது அவருக்குப் புரியவே இல்லை. ஊஞ்சலில் நின்றபடி ஆடுபவரைச் சொன்னேன். ஓரத்தில் உட்கார்ந்து, அடியில் வரும்போது நிமிர்கிறார், ஊஞ்சல் வேகமெடுக்கிறது. ஸ்விங்கிலும் அதே இயற்பியல்தான். கிளப் கீழே பாய்ந்துகொண்டிருக்கும்போது முன்கால் நிமிர்ந்து, இடது தோளும் அதோடு கிளப்பின் பிடியும் மேலும் உள்ளுமாக இழுபடுகின்றன. பிடி இப்படி இழுபட, மறுமுனையில் இருக்கும் கிளப்ஹெட் வெளியே வேகமாக எறியப்படுகிறது.

அவருடைய பழைய ஸ்விங்கில் குதிகால் எழுந்தது வெறும் பழக்கதோஷம் இல்லை. மூட்டு இறுகியவர் பாதத்தையும் முழங்காலையும் விடுவித்துக் கொடுத்ததால்தான் அவரால் முழுதாகத் திரும்ப முடிந்தது. குதிகாலை ஒட்டவைத்து இடுப்பையும் நிறுத்தியபோது திரும்பும் சுமை கீழ்முதுகில் ஏறியது. அங்கே உள்ள ஐந்து முள்ளெலும்புகளும் முன்பின் வளைய ஏற்றவை, சுழல்வதற்கு மிகக் குறைவாகவே இடம் கொடுப்பவை. வலி அங்கே வந்ததில் வியப்பில்லை.

வேகம் இறங்கியதற்கும் இதுவே காரணம். பேக்ஸ்விங் குறுகியதால் கைகள் கிளப்பை இழுக்கும் பாதை குறுகியது. சுழற்சியில் கிடைக்கவேண்டிய ஈடு, சுழலாத மூட்டில் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது வலது கை மட்டும். அது அவசரப்பட்டு மணிக்கட்டை முன்கூட்டியே விரித்துவிட்டது. அவரிடம் இருந்த ஒரு விசையை எடுத்துவிட்டார், இன்னொன்று வந்து சேரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இடுப்பை நெகிழ்த்தும் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்து புதிய ஸ்விங்குக்கு உடலைத் தயார் செய்வது ஒன்று. மூட்டின் எல்லையில் எலும்பே முட்டுகிறது என்ற குறிப்பு இருந்ததால் அதை முதலிலேயே விலக்கினேன். நீளமான டிரைவருக்கு மாறுவது இன்னொன்று. அவரே கேட்டார். நடுவில் படாத பந்துக்கு நீளம் கூட்டினால் அது இன்னும் விலகத்தான் படும். மூன்றாவது வழி, அவருடைய சொந்த விசைக்குத் திரும்புவது. ஆனால் பழைய ஸ்விங் அப்படியே போதாது. தள்ளலின் நேரம் முன்னால் வரவேண்டும்.

அதை ஏற்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. குதிகால் தூக்குவது பழைய காலத்து முறை, கற்றுக்குட்டித்தனம் என்று அவர் மனதில் பதிந்திருந்தது. கோல்ஃபின் தலையாய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸின் இடது குதிகால் பேக்ஸ்விங்கில் எழுவதைக் காட்டினேன். பந்தை அடிக்கும் நேரத்தில் கால்விரல்களில் நிற்கும் தொழில்முறை ஆட்டக்காரர் ஜஸ்டின் தாமஸையும் காட்டினேன். பிறகு ஜான் ராமுக்கே வந்தேன். 2021-இல் அமெரிக்க ஓப்பனையும் 2023-இல் மாஸ்டர்ஸையும் வென்ற அவர், வலது பாதம் வளைந்த நிலையில் பிறந்தவர். அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு என்பதால்தான் பேக்ஸ்விங்கைச் சிறியதாக வைத்திருப்பதாக அவரே 2021-இல் விளக்கினார். நண்பர்கள் இருவரும் முன்மாதிரியாகக் கொண்டாடிய அந்தச் சின்ன பேக்ஸ்விங், ஒருவர் தன் உடலுக்கு ஏற்பக் கண்டுகொண்ட தீர்வு. மூத்தவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்போ என் காலுக்கு என்ன வழின்னு பாருங்க" என்றார்.

டவுன்ஸ்விங் ஏறக்குறைய கால் வினாடியில் முடிந்துவிடும். அதற்குள் யோசித்து எதையும் திருத்த முடியாது. அதனால் நிற்கும் நிலையிலும் பேக்ஸ்விங்கிலும் மட்டும் கைவைப்பது என்று முடிவெடுத்தேன். இரு பாதங்களையும் வெளிப்பக்கம் திருப்பி நிற்கச் சொன்னேன், இடது பாதத்தைச் சற்றுக் கூடுதலாக. மூட்டு உள்நோக்கிச் சுழலவேண்டிய அளவு அதனால் குறையும். குதிகால் எழலாம், இடுப்பு முழுதாகத் திரும்பலாம், கைகள் உயரலாம். நேரத்துக்கு ஒரே ஓர் அடையாளம்: கைகள் உச்சியை எட்டுவதற்கு முன்பே குதிகால் தரையில் விழவேண்டும், விழுந்த கையோடு மிதிக்கவேண்டும்.

வேகம் கூட்டுவதற்கான எடை குறைந்த பயிற்சிக் கோல்களை வலி முழுதாக அடங்கும்வரை ஒத்திவைத்தேன். முதல் சில வாரங்கள் டிரைவரே இல்லை. கிளப் இல்லாமல் குதிகால் பயிற்சியும், ஐயன் எனப்படும் இரும்புத் தலைக் கிளப்புகளில் சின்னவற்றைக் கொண்டு அரை ஸ்விங்கும் மட்டும்.

முதல் வாரங்கள்

வலி விரைவில் அடங்கியது. இடுப்பு திரும்ப அனுமதித்த உடனேயே கீழ்முதுகின் சுமை குறைந்ததை அவரே உணர்ந்தார்.

டிரைவரைக் கையில் கொடுத்ததும் வேகமானி 93-ஐக் காட்டியது, ஆனால் பந்து எங்கெங்கோ போனது. சில பந்துகள் மண்டையில் அடிபட்டுத் தரையோடு உருண்டன, சில நேராக வானத்துக்குப் போயின. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கைப்பந்தில் வலைக்கு முன் குதிப்பது போல இரண்டு கால்களாலும் சேர்த்துத் தள்ளினார். வலது காலும் தள்ளினால் தலையும் மார்பும் மொத்தமாக மேலேறிவிடும்; பிடி உள்ளே இழுபடாமல் உடலே உயரும். தள்ளல் இடது காலுக்கு மாறிய பிறகு வரவேண்டும்.

இதற்கு உதவியது ஓர் எளிய பயிற்சி. இரு பாதங்களையும் சேர்த்து நின்று பேக்ஸ்விங்கைத் தொடங்கி, கைகள் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது பாதத்தை இலக்கின் பக்கம் எடுத்துவைத்து, அதன் மேல் நிமிர்ந்து அடிப்பது. பாதம் விழும்போது எடையும் அதன் மேல் விழுந்தே ஆகவேண்டும். இரண்டு காலால் தள்ள வாய்ப்பே இல்லை. மூன்றாவது மாதத்தில் ஃபோர்ஸ் பிளேட்டில் ஏற்றியபோது இடது காலின் உச்சம் தெளிவாக முன்னால் வந்திருந்தது, உடல் எடையையும் நன்றாகத் தாண்டியிருந்தது. டிரைவர் முகத்தின் பவுடரில் தடங்கள் ஹீலை விட்டு நடுவுக்கும், நடுவுக்குச் சற்று மேலேயும் நகர்ந்திருந்தன. அந்த முகத்தை அவர் போனில் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பினார்.

நண்பரின் பக்கம்

படத்தைப் பார்த்த இளையவர் அடுத்த முறை கூடவே வந்தார். தன் யோசனையால்தான் மூத்தவருக்கு முதுகு வலித்தது என்ற வருத்தம் அவருக்கு. வந்த கையோடு தானும் குதிகாலைத் தூக்கிப் பழகவேண்டுமா என்று கேட்டார். அதே பிழை எதிர்த் திசையில் நடக்கவிருந்தது.

அவரையும் அளந்தேன். சுழற்சி விசை பெரிது, செங்குத்து விசை சிறிது, ஸ்மாஷ் ஃபேக்டர் 1.46. தொடத் தேவையில்லாத ஸ்விங். ஒரே குறை, டிரைவரிலும் கிளப்ஹெட் 3 டிகிரி கீழ்நோக்கி இறங்கியபடியே பந்தை அடித்தது. பந்தை இடது குதிகாலுக்கு நேராக முன்வைத்து, பந்தை ஏந்தும் சிறு குச்சியான டீயைச் சற்று உயர்த்தி, நிற்கும்போதே வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னேன். கிளப் 2 டிகிரி மேல்நோக்கி ஏறியபடி அடிக்கத் தொடங்கியது. வேகம் ஒரு மைல்கூடக் கூடவில்லை. பந்து காற்றில் பறந்த தூரம் பத்துப் பதினைந்து யார்டு கூடியது.

விளைவு

ஆறாம் மாத முடிவில் மூத்தவரின் கிளப்ஹெட் வேகம் 96, பந்து வேகம் 140, ஸ்மாஷ் ஃபேக்டர் 1.46. காற்றில் பறக்கும் தூரம் 180 யார்டை ஒட்டி இருந்தது 215-க்கு வந்தது. இந்த ஏற்றத்தில் ஒரு பெரும்பகுதி பழைய வேகம் திரும்பியதால் வந்தது. மீதி, பந்து முகத்தின் நடுவில் பட்டதால் வந்தது. பதினெட்டுத் துளைகளையும் வலியில்லாமல் ஆடுகிறார்.

குறைகளும் பதிவாகவேண்டும். இளையவரின் நேர்த்தி இவருக்கு வரவில்லை. ஸ்லைஸ் அடங்கியது, ஆனால் ஃபேர்வேயில் விழும் பந்துகள் நண்பரின் யோசனைக்கு முன்பிருந்த அளவுக்குத்தான் திரும்பின. கடைசி நான்கைந்து துளைகளில் கால் களைத்ததும் மிதிப்பு தாமதமாகி, பந்து மறுபடி வலப்பக்கம் போகிறது. ஈரப் புல்லிலும் இறக்கமான சரிவிலும் குதிகால் தூக்கினால் பிடிமானம் போகிறது. அதனால் ஐயன்களில் குதிகாலை லேசாக மட்டும் விடுவிப்பது, டிரைவரிலும் அதற்கு அடுத்த நீளமான கிளப்பான ஃபேர்வே வுட்டிலும் முழுதாகத் தூக்குவது என்று பிரித்துக்கொண்டோம். இப்படி இரண்டு விதமாக ஆடுவது அவருக்கு இன்னும் இயல்பாகவில்லை.

இனி மாற்றிச் செய்வது

இரண்டாம் மாதத்தில்தான், மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு வீடியோ தன் போனில் இருப்பதாக மூத்தவர் சொன்னார். வலியில்லாமல், நல்ல வேகத்தில் ஆடிய நாளின் ஸ்விங் அதில் முழுதாக இருந்தது. இப்போதெல்லாம் புதிதாக வருபவர்களிடம் பழைய வீடியோக்களை முதல் நாளே கேட்கிறேன். இளவயதில் என்ன விளையாடினார்கள் என்பதும் முதல் நாள் கேள்விகளில் சேர்ந்துவிட்டது. குதித்து ஆடியவரின் காலும், எறிந்து ஆடியவரின் தோளும் முதலில் தேடவேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகின்றன.

தூரத்தையும் திசையையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொள்வதும் இதிலிருந்து வந்த மாற்றம். மூத்தவருக்கு முதலில் வேண்டியிருந்தது நேராக அடிப்பது. அதற்காக அவர் மாற்றியது வேகத்தின் மூலத்தை. பவுடர் தடத்தை அன்றே யாராவது பார்த்திருந்தால், பந்து முகத்தில் படும் இடத்தையும் கிரிப்பையும் (கிளப்பைப் பிடிக்கும் விதம்) மட்டும் கவனித்தே நிறையச் சாதித்திருக்கலாம். அந்தக் கிரிப் வேலையைத்தான் இப்போது தொடங்கியிருக்கிறோம்.

அடுத்த அளவீட்டில் அவர் ஒரு முழு ஆட்டத்தை முடித்துவிட்டுக் களைத்த காலோடு தட்டில் ஏறப்போகிறார். மிதிப்பு எவ்வளவு பிந்துகிறது என்பது தெரிந்த பிறகு, காலை வலுப்படுத்துவதா, கடைசித் துளைகளுக்குச் சின்ன ஸ்விங் ஒன்றைப் பழக்குவதா என்று முடிவு செய்வோம்.